புது திக்னஸ் பிளேனரில் இறுகிய உயரச் சக்கரம்: அம்பத்தூர் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கும் தச்சுப் பட்டறை இது. தேக்கு, வேங்கை, வேம்பு ஆகிய மரங்களில் நிலை, கதவு, ஜன்னல் சட்டம் செய்து தருகிறார்கள். உரிமையாளர், இருபது வருடத்துக்கு மேல் அனுபவமுள்ள ஒரு மேஸ்திரி, இரண்டு ஆசாரிகள், ஒரு உதவியாளர் என்று சிறிய குழு. பழுதுபார்ப்பு வேலைக்காக அவ்வப்போது அங்கே போய்வரும் பிட்டர் நான். இதில் யார் பெயரும், மெஷின் பிராண்டும், விற்ற கடையும் வராது. அடுத்தவருக்குப் பயன்படும் என்பதால், உரிமையாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பகுதி தண்ணீரில் நின்றது. இந்தப் பட்டறையின் பழைய பிளேனரும் (மரத்தை ஒரே தடிமனுக்கு இழைத்துத் தரும் மெஷின்) மூழ்கியது. மோட்டாரை ரீவைண்டிங் செய்தார்கள், பேரிங் மாற்றினார்கள், ஆனால் மேசையில் விழுந்த துருக்குழிகள் போகவில்லை. கொஞ்ச நாள் சமாளித்துவிட்டு, அடுத்த ஆடி மாதம் புதிதாக இறக்குமதி மெஷின் ஒன்று வாங்கினார்கள். 15 அங்குல அகலம், 3 ஹெச்பி மோட்டார், நான்கு தூண் அமைப்பு.

நான்கு தூண் அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. இந்த வகையில் மரம் ஓடும் மேசை அசையாது. கத்தி உருளை, உள்ளிழுக்கும் ரோலர்கள், கியர்பாக்ஸ் எல்லாம் சேர்ந்த தலைப்பகுதிதான் நான்கு தூண்களில் ஏறி இறங்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு திருகுத் தண்டு. நான்கு தண்டுகளின் அடியிலும் ஒரே அளவுள்ள பல்சக்கரம். மெஷினின் அடித்தட்டுக்குக் கீழே ஒரே செயின் நான்கையும் சுற்றி ஓடுகிறது. கைச்சக்கரம் ஒரு தண்டைச் சுழற்றினால் செயின் மற்ற மூன்றையும் சேர்த்துச் சுழற்றும். செயினின் இழுவிசையைச் சரிசெய்ய ஒரு ஐட்லர் உண்டு. இந்த மெஷினில் திருகின் புரி இடைவெளி 4 மி.மீ., கைச்சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் திருகு ஒரு சுற்று சுற்றும். அதாவது சக்கரத்தின் ஒரு சுற்றுக்குத் தலை 2 மி.மீ. ஏறும். பல்சக்கரத்தில் 10 பற்கள்.

ஆடியில் வாங்கியதற்குக் காரணம் உண்டு. ஆடியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள், ஆவணி பிறந்ததும் வரிசையாக வரும். அந்த வீடுகளுக்கான கதவுகள் ஆடிக் கடைசிக்குள் தயாராக வேண்டும். மெஷின் இறங்கிய அன்றே வேலை காத்திருந்தது.

## முதல் புகார்

மெஷினை ஸ்டாண்டில் ஏற்றி, போல்ட் போட்டு, மின் இணைப்பும் கொடுத்துவிட்டார்கள். வெட்டு நன்றாகவே இருந்தது. உயரச் சக்கரம்தான் கையை வாங்கியது. இறக்கும்போது பரவாயில்லை, ஏற்றும்போது இரண்டு கையும் வேண்டும். உதவியாளர் பையன் சக்கரத்தின் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகித் திருப்ப ஆரம்பித்தான். மேஸ்திரி பார்த்ததும் நிறுத்திவிட்டார். "குழாய் போட்டா இன்னிக்குத் திரும்பும்டா, நாளைக்குப் பல்லு போயிடும்" என்று அவர் சொன்னதாகக் கேள்வி. இந்த நிகழ்வில் பெரிய சேதம் இல்லாமல் போனதற்கு முதல் காரணம் அந்த ஒரு தடுப்புதான் என்பது என் கருத்து.

உரிமையாளர் விற்ற கடைக்குப் போன் செய்தார். "புது மெஷின்னா அப்படித்தான் சார் இருக்கும், ஓட ஓட இளகிடும்" என்று பதில் வந்தது. இது முழுக்கத் தவறான பதிலும் இல்லை. புதிய திருகும் நட்டும் ஒன்றோடொன்று படிந்து வரக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். ஆனால் அப்படிக் குறைவது சிறிய அளவுதான். இரண்டு கை போட்டுத் திருப்பும் கனம் அப்படி இளகாது. உள்ளே ஏதோ தேய்ந்து இடம் கொடுத்தால்தான் இளகும். தேயக் கூடாதது தேய்ந்து கிடைக்கும் இளக்கத்தைச் சரியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இதற்கிடையில் ஆசாரி ஒருவர் நல்லெண்ணத்தோடு தூண்கள் நான்கிலும் கிரீஸ் தடவியிருந்தார். நான் போனபோது அதில் தேக்குத் தூள் ஒட்டிக் களிம்பாகியிருந்தது.

உரிமையாளர் என்னிடம் சொன்னது "டைட்டா இருக்கு" என்ற ஒரே வார்த்தை. மேஸ்திரி சொன்னதுதான் உதவியது: "மேல தூக்குறப்ப மொத்தமாவே கனம். அதுக்கு மேல, ரெண்டு சுத்துக்கு ஒரு தடவ நல்லா பிடிக்குது." இதைக் கடைக்காரரிடம் யாரும் சொல்லவில்லை. மேஸ்திரியிடம் யாரும் கேட்கவுமில்லை.

## முதலில் பார்த்தவை

எம்சிபியை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கி, பிளக்கைப் பிடுங்கி, பிளக் என் பைக்குள் போன பிறகுதான் வேலையைத் தொடங்கினேன். கத்தி உருளைக்குப் பக்கத்தில் கை போகும் வேலை இது. சுவிட்ச் மட்டும் அணைத்தால் போதாது.

தலைப்பகுதியைப் பூட்டும் குமிழ்கள் இரண்டையும் முழுவதும் தளர்த்திப் பார்த்தேன். புது மெஷினில் பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும், ஒரு பூட்டு அரைகுறையாகக் கடித்துக்கொண்டிருக்கும். இங்கே இரண்டுமே விடுபட்டுத்தான் இருந்தன.

அடுத்தது தரை. வெள்ளத்துக்குப் பிறகு பட்டறையின் தரையை உயர்த்திக் கான்கிரீட் போட்டிருந்தார்கள், தண்ணீர் வடிய லேசான சரிவு வைத்து. ஸ்டாண்டின் நான்கு காலும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் மெஷினின் அடித்தட்டு முறுக்கிக்கொள்ளும், தூண்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காது. ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது கொஞ்சம் சாய்வு இருந்தது. தரை போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டுச் சக்கரத்தைத் திருப்பினோம். கனத்தில் மாற்றமே இல்லை. முறுக்கலாக இருந்திருந்தால் போல்ட் தளர்ந்தவுடன் கை உணர்ந்திருக்கும். தகடு வைத்து மட்டம் சரிசெய்தோம், ஆனால் சந்தேகப் பட்டியலிலிருந்து தரையை எடுத்துவிட்டோம்.

## கனத்தை அளந்தது

கை உணர்வை மட்டும் நம்பினால், காலையில் கனமாகத் தெரிவது மதியம் லேசாகத் தெரியும். அதனால் பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். சக்கரத்தின் கைப்பிடியில் சணல் கட்டி, வட்டத்தைத் தொட்டுச் செல்லும் திசையில் மெதுவாக இழுத்து, தராசு காட்டுவதைக் குறித்தோம். உதவியாளர் பையன்தான் எழுதினான்.

எவ்வளவு காட்டினால் சரி என்று தெரியாமல் அளந்து பயனில்லை. தலைப்பகுதி சுமார் 100 கிலோ இருக்கும். சக்கரத்தின் ஆரம் 10 செ.மீ., அதாவது கைப்பிடி ஒரு சுற்றில் ஏறக்குறைய 628 மி.மீ. நகர்கிறது. அந்தச் சுற்றில் தலை ஏறுவது 2 மி.மீ. உராய்வே இல்லாவிட்டால் 100 கிலோவைத் தூக்கக் கைப்பிடியில் சுமார் 320 கிராம் இழுத்தால் போதும். ஆனால் இப்படிப்பட்ட திருகு, கையின் உழைப்பில் பெரும்பகுதியை உராய்விலேயே தின்றுவிடும். தூக்கிய தலை தானாக இறங்கிவிடாமல் நிற்பதும் அந்த உராய்வால்தான். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் தூக்குவதற்குப் போகிறது என்று வைத்தால் 2 கிலோவை ஒட்டி வரும். ஆக, ஏற்றும்போது 2 முதல் 2.5 கிலோ, இறக்கும்போது அதற்கும் குறைவு என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

தராசு காட்டியது வேறு. ஏற்றும்போது ஏறத்தாழ 6 கிலோ, இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 8.5 வரை எகிறியது. இறக்கும்போது 3.5, உச்சத்தில் 5. மேஸ்திரியின் கை சொன்னதைத் தராசு அப்படியே காட்டியது. தலையைத் தாழ்வாக, நடுவில், உயரமாக என்று மூன்று இடத்தில் வைத்து அளந்தோம், எல்லா உயரத்திலும் ஏறக்குறைய அதே எண்கள்.

இந்த எண்களைப் படித்த விதம் இது. தூண்கள் கோணலாக நின்றிருந்தால் ஒரு பக்கம் போகப் போக இறுகியிருக்கும், மறுபக்கம் இளகியிருக்கும். உயரத்தோடு கனம் மாறவில்லை, எனவே தூண்கள் மேல் சந்தேகம் குறைந்தது. சக்கரத்தின் தண்டோ அதன் கியரோ கெட்டிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை பிடித்திருக்கும். இங்கே பிடிப்பது இரண்டு சுற்றுக்கு ஒருமுறை, அதாவது திருகின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை. அப்படியானால் வளைந்த திருகு, அல்லது மையம் தவறிய பல்சக்கரம், அல்லது அளவுக்கு மீறி இழுத்துக் கட்டிய செயின். இந்த உச்சத்துக்கு அடியில் எப்போதும் இருக்கும் பொதுவான கனத்துக்கு இன்னொரு காரணம் இருக்க வேண்டும். ஒரே நோய் என்று நினைத்துத் தேடாமல், இரண்டு நோய் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

## துடைத்ததும் மரத்தைக் கேட்டதும்

களிம்பாகிப் போன கிரீஸையும், கப்பல் பயணத்துக்காகத் தொழிற்சாலையில் பூசிய துருத்தடுப்பு மெழுகையும் டீசலும் பனியன் வேஸ்ட்டும் வைத்துத் தூண்களிலிருந்து துடைத்து எடுத்தோம். பிறகு ஸ்பிண்டில் ஆயில் மெல்லியதாக ஒரு பூச்சு. திறந்த தூணில் கெட்டிக் கிரீஸ் போடக் கூடாது. மரத்தூள் பறக்கும் இடத்தில் அது உராயும் பசைதான்.

மறுபடி அளந்தபோது 6 கிலோ 5.5 ஆகியிருந்தது, உச்சம் 8. குறைந்தது உண்மை. பலர் இந்த இடத்தில் "சரியாகிவிட்டது" என்று மூடிவிடுவார்கள், கைக்கும் கொஞ்சம் லேசாகத்தான் தெரியும். எழுதி வைத்த எண் இருந்ததால் அப்படி ஏமாற வழியில்லை.

அப்புறம் மெஷினுக்கு மின்சாரம் கொடுத்து, ஒரே மரத்தில் அறுத்த இரண்டு ஒல்லிச் சட்டங்களை மேசையின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் ஒரே உயரத்தில் விட்டு இழைத்தோம். வெர்னியரில் இடப்பக்கச் சட்டம் 0.2 மி.மீ. மெலிந்திருந்தது. பிளக்கைத் திரும்பவும் பிடுங்கிவிட்டு, மேசைக்கும் தலைப்பகுதியின் இரும்புக்கும் இடையே நான்கு மூலையிலும் ஒரே மரக்கட்டையை வைத்து, மீதி இடைவெளியை ஃபில்லர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) அளந்தோம். மூன்று மூலைகள் 0.05 மி.மீ.க்குள் ஒத்துப்போயின. கியர்பாக்ஸ் இருக்கும் இடது முன்மூலை மட்டும் சுமார் 0.35 தாழ்ந்திருந்தது.

இங்கேதான் விஷயம் தெளிவானது. 4 மி.மீ. புரி, 10 பல். ஒரு பல் நகர்ந்தால் ஒரு மூலை 0.4 மி.மீ. ஏறும் அல்லது இறங்கும். 0.35 என்பது அதற்கு மிகப் பக்கம், மீதியைத் திருகின் தளர்வும் வார்ப்பின் இழுபறியும் விழுங்கியிருக்கும். கத்தி உருளை முன்மூலைக்கும் பின்மூலைக்கும் நடுவில் இருப்பதால், மரத்தில் அதன் பாதியை ஒட்டிய 0.2 மட்டும் தெரிந்ததும் கணக்குக்குப் பொருந்தியது. ஒரு மூலை தாழ்ந்து, தலைப்பகுதி முறுக்கியபடியே நான்கு தூண்களில் ஏறிக்கொண்டிருந்தது. பொதுவான கனத்துக்கு அதுவே போதும்.

## திறக்காமல் நிறுத்தியது

செயினைப் பார்க்க ஸ்டாண்டின் பின்தகட்டைக் கழற்ற வேண்டும். உரிமையாளர் உடனே கழற்றச் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வாரண்டி காலத்தில் கடைக்குத் தெரியாமல் உள்ளே கை வைத்தால், நாளைக்கு வேறு எது கெட்டாலும் அதைக் காரணம் காட்டுவார்கள். இன்னொரு காரணமும் இருந்தது: கண்டுபிடித்ததை அவர்களே கண்ணால் பார்த்தால்தான் அடுத்த மெஷினில் கவனிப்பார்கள்.

மெஷினையே திருப்பி அனுப்பிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. மாற்று மெஷின் கப்பலில் வர வேண்டும், ஆவணி காத்திருக்காது. வார்ப்பில் விரிசல் இல்லை, வெட்டில் குறை இல்லை. செயினில் தீரும் என்று எண்கள் சொல்லும் கோளாறுக்கு மெஷினை மாற்றக் கேட்பது அவசரம் என்று சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார்.

அளவுகளை ஒரு தாளில் எழுதி, தராசு எகிறுவதை வீடியோ எடுத்து, வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பினோம். அதற்கு முந்தைய போன்களுக்குக் கிடைத்த "இளகிடும்" என்ற பதில் இந்த முறை வரவில்லை. சர்வீஸ் ஆளை அனுப்புகிறோம் என்றார்கள்.

அதுவரை வேலை நிற்க முடியாது. மேஸ்திரி ஒரு வழி சொன்னார், எனக்கும் சரியாகவே பட்டது. கதவுச் சட்டங்கள் சுமார் 100 மி.மீ. அகலம்தான். மேசையின் முழு அகலத்தில் 0.2 கோணல் என்றால் ஒரு சட்டத்தின் அகலத்தில் அது 0.05 அளவுக்குத்தான் வரும், கதவு வேலைக்கு அது பொருட்டில்லை. எனவே சட்டங்களை மட்டும் மேசையின் நடுவில் விட்டு இழைப்பது. உயரத்தை மாற்றுவதை முடிந்தவரை குறைத்து, எல்லா மரத்தையும் ஒரே அளவில் ஓட்டி முடித்த பிறகே அடுத்த அளவுக்கு இறக்குவது. ஏற்றவே கூடாது, ஏற்றும்போதுதான் செயினுக்குப் பாரம். அகலமான பலகைகளை வேறு பட்டறைக்கு ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினார்கள். கூலியும் டெம்போ வாடகையும் கைக்காசு, அந்தச் செலவு யாரிடமிருந்தும் திரும்பி வரவில்லை.

## திறந்து பார்த்த நாள்

சர்வீஸுக்கு வந்தவர் இளைஞர், வேலை தெரிந்தவர். வந்ததும் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கியர்பாக்ஸ்தான் சார், முதல்ல அதைப் பிரிச்சிடலாம்" என்றார். கியர்பாக்ஸைப் பிரித்தால் ஆயில் இறக்க வேண்டும், சீல் மாற்ற வேண்டும், ஒரு நாள் போய்விடும். அளவுத் தாளைக் காட்டினேன். பிடிப்பு இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வருகிறது, சக்கரத்தோடு சுற்றும் கியரில் கோளாறு என்றால் சுற்றுக்கு ஒருமுறை வந்திருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டேன். அவர் தானே தராசைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, கீழ இருந்தே ஆரம்பிக்கலாம்" என்றார். தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுத்து எண்ணுக்கு மதிப்புக் கொடுத்த அந்த மனசைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

தலைப்பகுதியைத் தாழ்த்தி, நான்கு மூலையிலும் கெட்டியான வேங்கைக் கட்டைகளை வைத்து அதன்மேல் உட்காரவைத்தோம். செயின் விடுபட்டால் மூலைகள் தனித்தனியாக நகரும், தாங்கலில்லாமல் அதைச் செய்யக் கூடாது. பின்தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தால், செயின் விறைத்து நின்றது. விரலால் அழுத்தினால் அசைவே இல்லை. ஐட்லர் அதன் பள்ளத்தின் கடைசி வரை தள்ளி இறுக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் சர்வீஸ் ஆள் தானாகவே ஒன்றைச் சொன்னார். பெட்டியைக் கிடங்கில் பிரித்தபோது செயின் தொங்கிக்கொண்டிருந்ததாம். அங்கிருந்தவர்கள் இறுக்கிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். தளர்ந்த செயினோடு யாரேனும் சக்கரத்தைச் சுற்றித் தலையை ஏற்றியிருந்தால், பாரம் அதிகம் தாங்கும் மூலையில் செயின் ஒரு பல் தாவுவது எளிது. அந்த மூலையின் திருகு ஒரு பல் அளவு பின்தங்கும், மற்ற மூன்றும் ஏறிவிடும். தாழ்ந்திருந்தது கியர்பாக்ஸ் இருக்கும், கனமான மூலை என்பதும் இதற்கு ஒத்துப்போனது. பிறகு மூலைகளைப் பார்க்காமல் செயினை இறுக்கியதால் அந்தக் கோணல் அப்படியே பூட்டப்பட்டுவிட்டது.

இரண்டையும் ஒரே நேரத்தில் சரிசெய்ய அவர் கை போனது. ஒவ்வொன்றாகச் செய்யலாம் என்றேன். திருகு வளைந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, இரண்டையும் சேர்த்துச் செய்தால் அந்தப் பதில் மறைந்துபோகும்.

முதலில் ஐட்லரை மட்டும் தளர்த்தினோம், செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் 6 மி.மீ. உள்ளே போகும் அளவுக்கு. கட்டைகளை எடுத்துவிட்டு அளந்தால், ஏற்றும்போது 4 கிலோ. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வந்த உச்சம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. திருகு வளைந்திருந்தால் செயின் தளர்ந்த பிறகும் அந்தப் பிடிப்பு இருந்திருக்கும். ஆக, திருகுகள் நேராகவே இருக்கின்றன. ஏதோ ஒரு பல்சக்கரத்தில் மிகச் சிறிய மையப் பிசகு இருக்கலாம், செயின் சரியான இழுவையில் இருந்தால் அது தொந்தரவே செய்யாது, விறைப்பாகக் கட்டினால்தான் ஒவ்வொரு சுற்றிலும் செயினை இழுக்கும்.

அடுத்து மூலை. தலையை மீண்டும் கட்டைகளின்மேல் இறக்கி, நான்கு பல்சக்கரத்திலும் செயினிலும் வெள்ளைப் பெயிண்ட்டில் குறி வைத்தோம். உரிமையாளர் மகளின் நெயில் பாலிஷ்தான் அது. செயினை இடது முன்மூலையில் மட்டும் பல்லிலிருந்து விடுவித்து, அந்தச் சக்கரத்தை மேலே ஏற்றும் திசையில் ஒரு பல் திருப்பி, செயினை மறுபடி மாட்டினோம். மற்ற மூன்று குறிகளும் அசையாமல் இருக்கின்றனவா என்று மேஸ்திரி பார்த்துக்கொண்டார். ஐட்லரைப் பழைய 6 மி.மீ. தளர்வுக்கே கொண்டுவந்து பூட்டினோம்.

தராசு ஏற்றும்போது 2.3 கிலோ காட்டியது, இறக்கும்போது 1.3. ஒற்றைக் கையால் உதவியாளர் பையன் தலையை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்தான். நான்கு மூலைகளும் 0.05 மி.மீ.க்குள் வந்தன. சட்டச் சோதனையில் இடது, வலது வித்தியாசம் வெர்னியர் சொல்லக்கூடிய அளவில் இல்லை.

## பிறகு நடந்தது

இழுபட்ட செயின் என்பதால் அதை மாற்றித் தருமாறு கேட்டோம், கடை செலவு வாங்காமல் புதிது அனுப்பியது. மாற்றியபோதும் அதே குறி வைத்தே மாற்றினோம். அளவுத் தாளைச் சர்வீஸ் ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். ஆவணிக் கதவுகளில் ஒரு வீட்டுக்கானவை மட்டும் தாமதமாயின, அதற்குக் காரணம் மெஷினைவிட ஜாப் ஒர்க் பட்டறையில் இருந்த வரிசை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையின் ஈரக்காற்று தூண்களைச் சும்மா விடவில்லை. ஒரு தூணில் துருப்புள்ளிகள் வந்து, ஏற்றும் கனம் 2.8 வரை போனது. நைலான் தேய்ப்பானால் லேசாகத் தேய்த்து மெழுகு பூசியதும் பழைய எண்ணுக்கு வந்துவிட்டது. அதைக் கண்டுபிடித்தது மேஸ்திரி. தராசை எடுத்து அளக்கச் சொன்னதும் அவர்தான்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

இந்தப் பட்டறை இனி எந்த மெஷின் வாங்கினாலும் ஸ்டாண்டில் ஏற்றுவதற்கு முன்பே, வண்டியிலிருந்து இறக்கிய இடத்தில் வைத்துச் சக்கரத்தை அளந்து டெலிவரி சீட்டிலேயே எழுதி வாங்கப்போகிறது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். இந்த முறை அப்படிச் செய்திருந்தால், அடித்தட்டும் செயினும் வெளியே தெரியும் நிலையிலேயே, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும்.

விற்பவர்கள் பக்கம் மாற வேண்டியது கிடங்கில் நடக்கும் அந்தச் சிறிய வேலை. தளர்ந்த செயினைப் பார்த்தால் இறுக்குவதற்கு முன் நான்கு மூலையையும் அளக்க வேண்டும். ஒரு மரக்கட்டையும் ஒரு ஃபில்லர் கேஜும் போதும். அதைச் செய்யாமல் இறுக்குவது, கோளாறை உள்ளே வைத்து மூடி வாடிக்கையாளருக்கு அனுப்புவதாகிவிடுகிறது.

சர்வீஸுக்கு ஆள் அனுப்பும் முன் போனில் கேட்கப்படும் கேள்வியும் மாறலாம். "டைட்டா இருக்கா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதைத் தவிர என்ன பதில் வரும்? ஏற்றும்போதா இறக்கும்போதா, எந்த உயரத்தில், எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்று கேட்டிருந்தால், அந்த முதல் போனிலேயே மேஸ்திரி அருகில் இருந்து பதில் சொல்லியிருப்பார்.

குழாயின் விஷயத்தில் பட்டறைக்குள் ஒரு முடிவு எடுத்தார்கள்: கைச்சக்கரத்தில் எதையும் செருகக் கூடாது, ஒற்றைக் கைக்கு வராவிட்டால் மேஸ்திரியைக் கூப்பிட வேண்டும். கொக்கித் தராசும் அளவுத் தாளும் ஸ்டாண்டின் உள்ளேயே இருக்கின்றன. மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் அளந்து, தேதி போட்டு எழுதுவது உதவியாளரின் பொறுப்பு.